பூனையைப் பச்சைக்கறிக்கு மாற்றுவது: கறி வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

பூனையைப் பச்சைக்கறிக்கு, அதாவது வேகவைக்காத இறைச்சிக்கு, மாற்றுவதில் கறி வாங்குவது ஒரு வேலையே இல்லை. சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் கிடைக்கிறது, அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்து ஈரச்சந்தையில் கிடைக்கிறது, பேரங்காடியில் தட்டில் போட்டுச் சுற்றியே வைத்திருக்கிறார்கள். கஷ்டம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. அந்தக் கறியோடு என்னென்ன சேர்ந்தால் அது ஒரு பூனைக்கு முழுச் சாப்பாடாகும் என்பது ஒன்று. பகலில் முப்பது டிகிரியைத் தாண்டுகிற நம்ம ஊர்ச் சூட்டில் அதைக் கெடாமல் தட்டுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் வாராவாரம் சலிக்காமல் செய்ய முடியும் என்றால் தொடங்குங்கள். முடியாது என்றால் நல்ல டின் உணவோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கோழி நெஞ்சுக்கறியைத் துண்டு போட்டு வைத்தேன், நக்கி நக்கிச் சாப்பிட்டது, இனி இதுதான் சாப்பாடு என்று முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆபத்தே இங்கேதான். வெறும் சதைக்கறியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. சில மாதம் இப்படியே போனால் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கிவிடும், குட்டிப்பூனைகளுக்கு அது இன்னும் வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் ரோமம் பளபளவென்று இருக்கும், பூனை சந்தோஷமாகச் சாப்பிடும், உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும்.

யார் தொடங்கவே கூடாது

வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதான தாத்தா பாட்டி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் என்று யாராவது இருந்தால் பச்சைக்கறி வேண்டாம். பூனைக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் சால்மொனெல்லா மாதிரியான கிருமிகள் அதன் கழிவிலும் வாயிலும் இருக்கலாம், அது நக்கிய கையைக் குழந்தை வாயில் வைக்கும். சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய் இவற்றில் ஏதாவது இருக்கிற பூனைக்கும் மருத்துவர் சொல்லாமல் மாற்றாதீர்கள். குட்டிகளுக்கு வீட்டில் கலந்து கொடுக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள், வளர்கிற உடம்பில் ஒரு சத்து கூடினாலும் குறைந்தாலும் பிறகு சரிசெய்வது கடினம்.

மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார், அதற்குக் கோபப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லிருந்தே பச்சைக்கறி கொடுப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில் இருக்கிறது. சமீபத்தில் பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. 2023இல் போலந்தில் பல பூனைகள் எச்5என்1 தொற்றில் இறந்தன, அங்கே பச்சைக்கறி மீது சந்தேகம் எழுந்தது. அதே ஆண்டு தென்கொரியாவின் சோல் நகரில் பூனைக் காப்பகங்களில் இதே தொற்று வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு பூனை உறைய வைத்த வான்கோழித் தீனியைத் தின்று இறந்தது, தீனியில் இருந்த கிருமியும் பூனையின் உடம்பில் இருந்ததும் ஒன்றே என்று சோதனையில் தெரிந்தது. உறைய வைத்தால் இந்தக் கிருமி சாகாது, வேகவைத்தால் சாகும். இதை மறைத்துவிட்டு உங்களை உசுப்பேற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னும் பிராணி, மாவுச்சத்து அதற்குத் தேவையே இல்லை. கிபிள் என்கிற உலர்தீனியில் பத்து சதவீத அளவுக்குத்தான் ஈரம், கறியில் எழுபது சதவீதத்துக்கு மேல். பூனைக்குத் தாகம் எடுப்பதே குறைவு, சாப்பாட்டிலிருந்துதான் தண்ணீர் உள்ளே போக வேண்டும். சிறுநீர்ப் பாதையில் அடைப்பு வந்து ஆண் பூனையை நள்ளிரவில் டாக்ஸியில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் கவனியுங்கள், இந்த ஈரம் டின் உணவிலும் இருக்கிறது. கிபிளை விட்டு டின்னுக்கு வந்தாலே பெரிய லாபம் கைக்கு வந்துவிடும், பச்சைக்கறி அதற்கு மேலே வருவதுதான்.

முதலில் மருத்துவரைப் பாருங்கள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி இருக்கிறது, வீட்டுக்கு இரண்டு பூனை, உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். சிப் போட எப்படியும் மருத்துவரிடம் போகத்தானே வேண்டும், அந்தப் பயணத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். சிறுநீரகம், கல்லீரல் அளவுகள், எடை, பல், எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு ஏதாவது கோளாறு வந்தால் மாற்றுவதற்கு முன் எப்படி இருந்தது என்று ஒப்பிட அதுதான் கையில் இருக்கும். கறி தின்னும் பூனைக்கு ரத்தத்தில் யூரியா அளவு கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதால், பிறகு பரிசோதனைக்குப் போகும்போது என்ன சாப்பாடு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சமையலறையில் ஒரு எடைத் தராசு கண்டிப்பாக வேண்டும், கிராம் காட்டுகிற சின்னது போதும். கைப்பிடி, கரண்டி என்று கண்ணால் அளக்கிற நம்ம வீட்டுப் பழக்கம் ரசத்துக்குச் சரி, இங்கே உதவாது.

கிபிளிலிருந்து கறிக்கு

இதுதான் பொறுமையைச் சோதிக்கிற கட்டம். கிபிளுக்கு மேலே கொழுப்பும் சுவையும் தெளித்திருப்பார்கள், மொறுமொறுவென்று இருக்கும், வருடக்கணக்காகத் தின்று பழகிய பூனைக்கு நீங்கள் வைக்கிற ஈரக் கறி சாப்பாடாகவே தெரியாது. மோந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைச் சுரண்டி மூடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு, உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அவமானப்பட வேண்டாம்.

பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று பட்டினி போடவே கூடாது. நாய்க்கு அது நடக்கலாம், பூனைக்கு நடக்காது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்கலாம், குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். என் கணக்கு இதுதான்: ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் அன்றைக்கே பழைய சாப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும், வீம்பு பிடிக்கக் கூடாது. பழைய சாப்பாட்டையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

தொடங்கும்போது என்ன சாப்பிடுகிறது என்பதை அப்படியே விட்டுவிட்டு, எப்போது சாப்பிடுகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். நாளெல்லாம் கிண்ணம் நிறையக் கிபிள் கிடந்தால் எந்தப் பூனைக்கும் பசி என்ற ஒன்று வராது. காலையில் ஒன்று, மாலை வேலையிலிருந்து வந்ததும் ஒன்று, படுக்கும்முன் ஒன்று என்று நேரம் வையுங்கள், அரைமணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நடுவில் கத்தும், காலைச் சுற்றும், விடியற்காலையில் முகத்தில் மிதிக்கும். வீட்டில் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு கைப்பிடி போட்டுவிட்டால் எல்லாம் பாழ், அதனால் அப்பா, பணிப்பெண், பிள்ளைகள் என்று எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

நேரத்துக்குப் பசிக்கத் தொடங்கியதும் டின் உணவை உள்ளே கொண்டுவாருங்கள். கிபிளுக்குப் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி, பிறகு இரண்டு, பிறகு பாதிக்குப் பாதி. முழுக்க டின்னுக்கு வந்து, வயிறு ஒரு வாரமாவது ஒழுங்காக இருந்த பிறகுதான் கறியைத் தொட வேண்டும். கிபிளிலிருந்து நேராகக் கறிக்குத் தாவிவிடுகிற பூனைகளும் இருக்கின்றன, முக்கியமாக இளசுகள். பழைய பூனைகளுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், ஆகட்டும்.

கறியை முதலில் டின் உணவுக்குள்ளே ஒரு பட்டாணி அளவுக்குக் கலந்து கொடுங்கள். கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டால் அளவை இன்னும் குறைத்துத் தொடருங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டலாம். கழிவு இளகினால் அந்த அளவிலேயே நில்லுங்கள், சரியானதும் மேலே போகலாம். தொடக்கத்தில் ஒரே ஒரு கறி மட்டும், கோழி என்றால் கோழி. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிய அதுதான் வழி.

சாப்பிட வைக்கச் சில தந்திரங்கள் இருக்கின்றன. பூனைக்கு நாக்கைவிட மூக்கு முக்கியம், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கறிக்கு வாசனையே இருக்காது. கறியை ஒரு ஜிப் பையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து, தொட்டால் உடம்புச் சூடு மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஓரம் வெந்துபோகும், கறியில் எலும்பு இருந்தால் அது கெட்டியாகிவிடும். பழைய கிபிளைப் பொடித்து மேலே தூவலாம், இது பெரும்பாலும் பலிக்கிறது. ஜப்பானியப் பொருள் விற்கும் கடைகளில் சீவிய காய்ந்த சூரை மீன் கிடைக்கும், அதில் ஒரு சிட்டிகை போதும், கூட உப்போ மசாலாவோ சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். நம்ம வீட்டுக் கருவாடும் சமையலுக்கு வாங்கி வைத்த நெத்திலியும் வேண்டாம், உப்பு அளவுக்கு மீறி இருக்கும். வெங்காயம் பூண்டு போட்ட கறிக்குழம்பின் சாற்றை ஊற்றிக் கொடுக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

சிலவற்றுக்கு அரைத்த கறி பிடிக்காது, விரல் பருமனில் துண்டாக வைத்தால் தூக்கிக்கொண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் வைத்துத் தின்னும். இது நடந்தால் கோபம் வேண்டாம், ஆனால் அந்த இடத்தைத் துடைக்க வேண்டும், அதனால் கதவைச் சாத்திவிட்டுக் கழிவறையிலோ சமையலறையிலோ வைத்துக் கொடுப்பது உத்தமம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

பரவலாகச் சொல்லப்படும் கணக்கு 80-10-10. எண்பது பங்கு சதை, பத்து பங்கு எலும்பு, பத்து பங்கு உள்ளுறுப்பு, அந்தப் பத்தில் பாதி ஈரல், மீதி சிறுநீரகம் அல்லது மண்ணீரல். இதயமும் கிஸர்ட் என்கிற கோழி இரைப்பையும் இந்தக் கணக்கில் சதைதான், உள்ளுறுப்பு இல்லை. இதயத்தில் டாரின் நிறைய இருப்பதால் சதைப் பங்கில் கொஞ்சமாவது அது இருக்கட்டும்.

டாரின் என்பது பூனை உடம்பு தனக்குப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாத ஒரு சத்து. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத்தசை தளர்ந்து வீங்கும். 1930களில் கலிபோர்னியாவில் ஒரு மருத்துவர் பூனைகளுக்குப் பச்சைக்கறியும் வெந்த கறியும் கொடுத்துப் பார்த்த சோதனையைப் பச்சைக்கறிக்காரர்கள் இன்னமும் எடுத்துக்காட்டுகிறார்கள். வெந்த கறி தின்ற பூனைகள் நோயுற்றன என்பது உண்மை, ஆனால் டாரினைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1987இல்தான் வெளிவந்தது, அதற்குப் பிறகு தீனிக் கம்பெனிகளும் அளவைக் கூட்டின. கறியை அரைத்தாலும் உறைய வைத்தாலும் நாள்பட வைத்தாலும் டாரின் குறையும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். அதனால் தனியாகச் சேர்த்துவிடுவதே பாதுகாப்பு, தூளாகக் கிடைக்கிறது, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்.

ஒரு கிலோ கலவைக்கு என் கணக்கு இப்படி: எலும்போடு சேர்ந்த கோழித் தொடை 450 கிராம், எலும்பில்லாத தொடைக்கறி 300, கோழி இதயம் 150, ஈரல் 50, ஆட்டுக் கிட்னி அல்லது மண்ணீரல் 50. தொடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எலும்பு என்பதால் மொத்தத்தில் பத்து சதவீதத்தை ஒட்டி வரும். அரைத்ததும் டாரின் 2 கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கலந்துவிடுவது. முட்டை மஞ்சள்கரு ஒன்றிரண்டு சேர்க்கலாம், பச்சை வெள்ளைக்கரு வேண்டாம், அது பயோட்டின் என்கிற விட்டமினைக் கட்டிப்போட்டுவிடும். ஈரல் பிடிக்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள். விட்டமின் ஏ அளவுக்கு மீறினால் கழுத்து எலும்புகள் ஒட்டிக்கொண்டு பூனை தலையைத் திருப்ப முடியாமல் ஆகிவிடும்.

இந்தக் கணக்கும் முழுமையில்லை. அயோடின், துத்தநாகம், மாங்கனீஸ், விட்டமின் ஈ, விட்டமின் டி இவையெல்லாம் இதில் குறைச்சலாகவே இருக்கும். இரை பிடித்துத் தின்னும் பூனை தோல், ரோமம், குடல், மூளை என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தின்கிறது, சந்தைக் கோழியில் அதில் பாதிகூட நம் கைக்கு வருவதில்லை. அதனால் பூனைக்கென்றே விற்கும் பிரீமிக்ஸ் தூளை, அதாவது இந்தச் சத்துகளை முன்கூட்டியே கலந்து வைத்த தூளை, வாங்கிக் கலப்பதே நல்லது என்பது என் கட்சி. வாங்குமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பல பிரீமிக்ஸ்களில் கால்சியம் ஏற்கெனவே இருக்கும், அவற்றை எலும்பில்லாத கறியோடு மட்டுமே கலக்க வேண்டும், எலும்பையும் போட்டு அதையும் போட்டால் கால்சியம் இரட்டிப்பாகிவிடும். எலும்பும் இல்லை, கால்சியம் உள்ள தூளும் இல்லை என்றால் முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள், 450 கிராம் கறிக்கு அரைத் தேக்கரண்டி.

எலும்பை அரைப்பது தனி வேலை. சட்னி அரைக்கிற மிக்ஸியில் போட்டால் மிக்ஸியும் போகும், வீட்டில் மரியாதையும் போகும். கோழி எலும்பை அரைக்கும் என்று தெளிவாகச் சொல்லி விற்கும் எந்திரமாக இருக்க வேண்டும். சந்தைக் கடைகளில் சதையை அரைத்துத் தருவார்கள், எலும்புக்குப் பெரும்பாலும் மாட்டேன் என்பார்கள். எந்திரம் இல்லாதவர்களுக்கு எலும்பில்லாத கறியும் பிரீமிக்ஸுமே போதும். வெந்த எலும்பை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள், அது கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

மண்ணீரலுக்குத் தேக்கா ஆட்டுக்கறிக் கடைதான். சுவரொட்டி என்று கேளுங்கள். நம்ம ஆட்கள் அதை ரத்தசோகைக்குத்தான் வாங்குவார்கள் என்பதால், “யாருக்குமா, உடம்பு சரியில்லையா?” என்று கடைக்காரர் அக்கறையாக விசாரிப்பார். “இல்லண்ணே, பூனைக்கு” என்றதும் கத்தி ஒரு நொடி நின்றுவிட்டு மறுபடியும் வெட்டும்.

பூனை என்றாலே மீன்தானே என்பார்கள். பச்சை மீன் தினசரிச் சாப்பாடாக வேண்டாம். சில மீன்களில் விட்டமின் பி1ஐ அழிக்கிற நொதி இருக்கிறது, அந்தக் குறைவு வந்தால் பூனை தள்ளாடும், வலிப்பு வரும். எண்ணெய் மீனை நிறையக் கொடுத்தால் விட்டமின் ஈ தீர்ந்து உடம்புக் கொழுப்பே வீங்கி வலிக்கும். வாரத்தில் ஒருநாள் வேகவைத்த மீன் ஒரு துண்டு என்றால் பரவாயில்லை.

வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் மூன்று சதவீதத்திலிருந்து தொடங்குங்கள், நான்கு கிலோ பூனைக்கு 120 கிராம், இரண்டு மூன்று வேளையாக. வாராவாரம் எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும். இளைத்தால் கூட்டுங்கள், உருண்டால் குறையுங்கள்.

கோழி பழகியதும் வேறு கறியையும் பழக்கிவிடுங்கள்: வாத்து, காடை, மாடு, முயல், எது உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமோ அது. சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கும், புதிய கோழிக்கு ஊரே அலைந்தது. கோழியைத் தவிர வேறெதையும் முகராத பூனை வைத்திருந்தால் அப்படிப்பட்ட நேரத்தில் திண்டாட்டம்தான். சீனப் புத்தாண்டுக்கு ஈரச்சந்தைக் கடைகள் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும், அதற்கும் முன்கூட்டியே உறைபெட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் மலைப்பாக இருந்தால் செல்லப்பிராணிக் கடைகளில் உறைய வைத்ததும் ஈரம் உறிஞ்சி உலர்த்தியதுமாகத் தயார்த் தீனி இருக்கிறது. முழு உணவு என்று உறையில் போட்டிருக்கிறதா, அல்லது இடையிடையே கொடுக்க மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உலர்த்தியதில் கிருமி செத்துவிடாது, அதுவும் பச்சைக்கறிதான், தண்ணீர் சேர்த்து ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். உயர் அழுத்தத்தில் பதப்படுத்தியது என்று போட்டிருந்தால் கிருமி ஓரளவு குறைந்திருக்கும். பறவைக் காய்ச்சல் பயம் போகவில்லையா, எலும்பில்லாத கறியை வேகவைத்து, ஆறிய பிறகு வெந்த தண்ணீரோடு பிரீமிக்ஸைக் கலந்து கொடுங்கள். அதைத் தின்னும் பூனைகளும் நன்றாகத்தான் இருக்கின்றன, பச்சையாக இருந்தால்தான் உண்டு என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

சூடு, எறும்பு, வெள்ளிக்கிழமை

காலையில் கடை திறந்ததும் வாங்கி, குளிர் பையில் போட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். போகிற வழியில் பரோட்டா, தே தாரிக், ஒரு அரைமணி அரட்டை என்று இழுத்தால் அதற்குள் கறியில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். கோழியைக் குழாயடியில் அலசாதீர்கள், தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் தட்டு டம்ளர் எல்லாவற்றிலும் கிருமியைப் பரப்பும். பூனைக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, தனி டப்பாக்கள்.

ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, தேதி எழுதி உறைய வையுங்கள். மைனஸ் இருபது டிகிரியில் சில நாள் வைத்தால் டாக்ஸோபிளாஸ்மா மாதிரி ஒட்டுண்ணிகள் சாகும், சால்மொனெல்லா சாகாது, தூங்கும், அவ்வளவுதான். உருகவைக்க முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள், மேசைமேல் வைத்து உருக்காதீர்கள். உருகியதை இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. தட்டில் வைத்தால் அரைமணி நேரம், மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள், மனசு கேட்காமல் எடுத்து வைக்காதீர்கள். எறும்பு நிமிடத்தில் வந்துவிடும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவில் பூனைத் தட்டை வைத்தால் தப்பிக்கலாம். கழிவுப் பெட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், டாக்ஸோபிளாஸ்மா முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், அதற்குள் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் நிம்மதி.

பெரியவர்களோடு இருக்கும் வீட்டில் செவ்வாய், வெள்ளி, புரட்டாசி மாதம் என்று வரும்போது இது ஒரு குடும்பப் பிரச்சினையாகவே ஆகிவிடும். விளக்கேற்றுகிற நேரத்தில் மாமியார் கண்முன்னே ஈரலை நறுக்கிக்கொண்டு நின்றால் பூனைக்கும் உங்களுக்கும் சேர்த்து இடம் போகும். வெட்டுவது, அரைப்பது எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்கே முடித்துவிடுங்கள். உள்ளே தெரியாத டப்பாவாக வாங்கி உறைபெட்டியில் ஒரு இழுப்பறையை அதற்கென்றே ஒதுக்குங்கள், அதற்கும் வழியில்லை என்றால் சின்ன உறைபெட்டி ஒன்று தனியாக. சைவ வீடுகளில் உலர்த்திய தயார்த் தீனி அல்லது டின் போதும், யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

கழிவைப் பார்த்துப் படியுங்கள்

கறிக்கு வந்ததும் கழிவு அளவில் பாதியாகும், நாற்றம் குறையும், தினமும் போகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போகலாம். இது மலச்சிக்கல் இல்லை. வெள்ளையாகி உதிர்ந்தால், முக்கினால், எலும்பு அதிகம். கறுத்து இளகினால் ஈரல், கிட்னி அதிகம். ரத்தமோ சளியோ இருந்தால், வாந்தி நிற்கவில்லை என்றால், பெட்டிக்குப் போய்ப் போய்ச் சிறுநீர் வராமல் உட்கார்ந்தால், அங்கே இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், கடைசியாகச் சொன்னதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பசி நேரம் தாண்டி மஞ்சள் நுரையாக எப்போதாவது வாந்தி எடுத்தால் வேளைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டுவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம், நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஒருநாள் ஒரு சத்து கூடி ஒருநாள் குறைந்தால் பயமில்லை, ஒரு வாரம் இரண்டு வாரத்தில் சமன்பட்டால் போதும். கால்சியத்தையும் டாரினையும் மட்டும் ஒவ்வொரு கலவையிலும் சரிபார்க்கவும். ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடி ரத்தப் பரிசோதனை, அதற்கப்புறம் வருடம் ஒருமுறை.

ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். பூனையை விட்டுவிட்டுப் போகும் விடுதிகள் பச்சைக்கறி வாங்கி வைக்க ஒத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது, பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உருகவைப்பது, எடை போடுவது, துடைப்பது எல்லாம் பெரிய சுமை. அதனால் முழுக்கக் கறிக்கு வந்த பிறகும் வாரத்தில் ஒன்றிரண்டு வேளை டின் உணவைக் கொடுத்துப் பழக்கத்தைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போட்ட பிறகு பழக்க நினைத்தால் நேரம் போதாது.